குடும்பமாக வந்தவர்கள்

அகதிக் குடும்பம் ஒன்றைத் தங்கள் ஊருக்கு வரவழைப்பது என்று கிளெண்டா பிக்கார்ட் தீர்மானித்தபோது, கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் அந்தச் சின்னத் துறைமுக ஊரில் எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தேவாலயத்தில் பாட்டு, பூச்செடி, சூப் என்று எந்தக் குழுவானாலும் தலைவி அவள்தான். இதற்கும் ஒரு குழு சேர்ந்தது. கேக் விற்றுப் பணம் திரட்டி, ஒரு வீடு பிடித்தார்கள். ஊரார் மனமுவந்து சோபாக்கள் கொடுத்தார்கள். எதற்காக மனமுவந்தார்கள் என்பது அவற்றில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

சிரியாவிலிருந்து தப்பி, லெபனான் முகாமில் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்த ஹைதமும் அவர் மனைவி சுஹைரும் ஒருவழியாக விமானத்திலிருந்து இறங்கினார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்தத் தம்பதிக்கு ஆளுக்கொரு கரடி பொம்மை கொடுத்து வரவேற்றார்கள். குழந்தைகள் இருக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கியவை, வீணாக்க முடியுமா? கிளெண்டா நடுவில் நின்ற புகைப்படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது.

அந்த வாரமே சுஹைர், தனக்கு வேறு வீடு வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தில் நிதானமாகவே சொன்னாள்.

"இந்த வீட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டாள் கிளெண்டா.

"வீட்டுக்கு ஒண்ணும் குறையில்லக்கா. அதுல அவர் இருக்கார்."

ஹைதம் அடித்தாரா, குடித்தாரா என்று கிளெண்டா ஏறக்குறைய ஆசையோடு விசாரித்தாள். இரண்டும் இல்லை. பேசினார். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை பேசினார். சில நாள் தூக்கத்திலும். போர் நடக்கும்போது விவாகரத்து கேட்க நேரமில்லை; முகாமில் இருந்ததோ ஒரே கூடாரம்.

"இது சுதந்திர நாடுன்னு நீங்கதானே நாங்க வந்த அன்னைக்கு மைக்ல சொன்னீங்க?" என்றாள் சுஹைர்.

குழு அவசரமாகக் கூடியது. நாம் வரவழைத்தது ஒரு குடும்பம், அதைப் பாதி பாதியாக எப்படிக் காப்பாற்றுவது என்று ஒருவர் வருந்தினார். இனிமேல் யாரை வைத்துப் புகைப்படம் எடுப்பது என்பது இன்னொருவரின் கவலை. மணவாழ்க்கை ஆலோசனைக்கு அனுப்பலாம் என்றார் போதகர். அவருடைய மனைவி போன வருடம்தான் அவரை விட்டுவிட்டு வான்கூவருக்குப் போயிருந்தாள், அதனால் குழு அடுத்த யோசனைக்குத் தாவியது. இன்னொரு வீட்டுக்கு வழியில்லை. கடைசியில் எல்லோரும் பெருந்தன்மையோடு கிளெண்டாவின் வீட்டு நிலவறையைத் தானம் செய்தார்கள்.

ஹைதம் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கிளெண்டாவின் கணவர் வெர்னன் ஓய்வு பெற்றதிலிருந்து, உப்பைக் கேட்பதற்கு மட்டும் வாயைத் திறப்பவர். ஹைதம் ஹாக்கி ஆட்டம் ஓடும் தொலைக்காட்சிக்கு எதிரே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முக்கால் பங்கு அரபியில் விளக்க ஆரம்பித்தார். வெர்னன் தலையாட்டினார். மறுநாள் சிரித்தார். வாரக் கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் நடுவரைத் திட்டினார்கள். நாற்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் சமைத்தாள். அவர்கள் ஆட்டம் பார்த்தார்கள். உப்பைக் கேட்பதற்கு இப்போது இரண்டு பேர்.

பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சுஹைருக்கு வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்க்கப் போனாள் கிளெண்டா. மகா மோசமான ஐந்து சோபாக்களை வெளியே தள்ளிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் சுஹைர். வீட்டில் சத்தமே இல்லை. ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்தாள். இருவரும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தபடி இன்னொரு கோப்பையும் குடித்தார்கள். அதற்குள் பனி அதிகமாகி, சாலையை மூடிவிட்டார்கள்.

கிளெண்டா வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தது ஹைதம்.

"வெர்னன் பிஸி. மேட்ச்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"உள்ளே ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்றாள் சுஹைர். "குழு கிட்ட கேக்கணுமா?"

"குழுத் தலைவி நான்தானே" என்றாள் கிளெண்டா. காலணியைக் கழற்றினாள்.

மறுநாள் காலையிலேயே சாலையைத் திறந்துவிட்டார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குப் போனாள்.