மூன்றாம் வளைவின் ஆரஞ்சு கோன்

காலையிலிருந்து இது நான்காவது கோன். ஆரஞ்சு நிறத்தில், முழங்கால் உயரத்தில், பாதையின் ஓரமாக, யாருக்கும் கெடுதல் நினைக்காமல் நின்றுகொண்டிருந்தது. பைக்கால் தட்டிச் சாய்த்துவிட்டேன். அந்த மூன்றாவது வளைவில் முப்பதடி அகலத்துக்குத் தார் கிடக்கிறது. எனக்கு மட்டும் கோன் நிற்கிற அந்த ஒரு சாண் இடம்தான் வேண்டியிருக்கிறது. என்ன ஜென்மமோ!

“சார்! அதுமேல உங்களுக்கு என்ன அவ்வளவு பாசம்?” என்று ஓரத்திலிருந்து கத்தினாள் விசில். பந்தயப் பாதையில் எங்களுக்கு வளைவு திரும்பச் சொல்லித்தருகிறவள் அவள். என் வயதில் பாதிதான் இருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கியதால் அதுவே பெயராகிவிட்டது. அவள் என்னைத் திட்டும்போது மற்றவர்கள் ஹெல்மெட்டுக்குள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரித்துத் தொலையட்டும்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் என் மனைவி, பக்கத்தில் ஊன்றுகோல். சிரிக்காத ஆள் அவள் ஒருத்திதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மலைப்பாதையில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வளைவில் எதிரே லாரி வந்தது. போக இடம் தாராளமாக இருந்தது. என் கண் மட்டும் ஓரத்திலிருந்த வெள்ளைக் கல்லில் போய் ஒட்டிக்கொண்டது. அதில் மோதிவிடக் கூடாது, மோதிவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு, நேராக அதன்மேலேயே கொண்டுபோய் விட்டேன். எனக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. பி.டி. டீச்சராக நாள் முழுக்க மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்து நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் முதலில் சொன்னது இதைத்தான்: “என்னாலதாங்க. பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாஞ்சுட்டேன். அதான் வண்டி திரும்பல.”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் வாயே திறக்கவில்லை. “வண்டியில ஒழுங்கா உக்காரக்கூடத் தெரியாதாடி உனக்கு?” என்று மாமியார் பெற்ற மகளையே திட்டியபோதும் மரம் மாதிரி நின்றேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு இரண்டு வருடம் ஓடிவிட்டது.

என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். “என்னால உங்களுக்கு வளைவுன்னாலே பயம் வந்துடுச்சு. போய்க் கத்துக்கிட்டு வாங்க.” எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி திரும்பவே திரும்பாது என்று விவரம் தெரிந்த யாராவது சொல்லிவிட்டால் போதும், பாதிப் பழியாவது அவளுடையது என்று ஆகிவிடும். எவ்வளவு கேவலமான ஆசை பாருங்கள்.

மதிய இடைவேளையில் விசில் என்னை ஷெட்டுக்குள் கூப்பிட்டு, என் ஹெல்மெட் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். கண்ணாடிக்கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் நான். என் கண் எங்கே போகிறது என்று எனக்கு இன்னொருத்தி காட்ட வேண்டியிருந்தது.

“பாருங்க சார். கோன்... கோன்... இன்னும் கோன்தான்... இப்ப டயருக்கு அடியில. வளைவு முடியற இடத்த ஒரு தடவையாவது பாத்தீங்களா?”

“பின்னாடி ஒருத்தர் இருந்து, எதிர்ப்பக்கம் சாஞ்சுட்டா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஹேண்டில இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பணும், அவ்வளவுதான். நீங்க பாக்கிற இடத்துக்குத்தான் சார் வண்டி போகும்.”

அந்தப் பாதிப் பழியும் என்னிடமே திரும்பி வந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் மறுபடி இறங்கினேன். மூன்றாவது வளைவு வந்தது. கோன் எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாடையைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தேன். வண்டி தானாகச் சாய்ந்து, அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது. மூன்று சுற்றிலும் ஒரு கோன்கூட விழவில்லை. விசில் நீளமாக ஊதினாள். அடப்பாவி, இவ்வளவுதானா! அன்றைக்கு நாலு விரற்கடை தாடையைத் திருப்பியிருந்தால், என் மனைவி இன்றைக்கும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பாள். ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே மிச்சச் சுற்றையும் முடித்தேன்.

வேலி அருகே வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து வந்தாள்.

“பாத்தீங்களா! பின்னாடி நான் இல்லன்னா எவ்வளவு அழகா திரும்பறீங்க!”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

“நீ இல்ல. அன்னைக்கு நான் அந்தக் கல்லையே பாத்துட்டிருந்தேன். அதான் அதுமேல கொண்டுபோய் விட்டேன். நான் வழியப் பாத்திருந்தா, நீ எந்தப் பக்கம் சாஞ்சிருந்தாலும் வண்டி திரும்பியிருக்கும்.”

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

அன்னைக்கே. அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

“இன்னைக்குத்தான். அந்தப் பொண்ணு வீடியோ காட்டுச்சு.”

அவள் முகம் இளகியது. இரண்டு வருடமாகக் காணாமல்போயிருந்த ஒரு பெருமூச்சு வந்தது. அழுகையும் சிரிப்புமாக, வேலிச் சந்தில் இரண்டு விரலை நுழைத்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“பாவம்ங்க நீங்க. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.