சுதுவுக்குக் காது மருந்து

“அந்த நாயப் புடிச்சுக் கட்டுங்களேன்!” என்று வீரம்மா கத்தியது வெளியே அடித்த தப்பு மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தப்பில் அடி விழுந்தபோதெல்லாம், சவப்பெட்டிக்கு அடியில் கிடந்த அந்த நாய் சுது எழுந்து தலையைப் படபடவென்று உதறியது. காதிலிருந்து பழுப்பாக ஏதோ தெறித்து, பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது.

“பாருங்க அண்ணி, வாயில்லா சீவன்!” வீரம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள் சண்முகவடிவு. பெட்டிக்குள் கிடக்கும் பழனியாண்டியின் தங்கை. “அண்ணே போனதத் தாங்க முடியாம தலையத் தலைய அடிச்சுக்கிட்டு அழுவுதே!”

“அழுவல வடிவு. காதுல சீழு.”

“பாசம் அண்ணி, பாசம்!”

“நாறுதே, தெரியல ஒனக்கு?”

மகள் வினோதா போனைத் தூக்கிப் பிடித்து நாயைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். “கட்டார்ல தம்பி பாத்துட்டு ஒரே அழுக. அப்பாவ விட்டு நவுரவே மாட்டேங்குதுன்னு சொல்றான்மா.”

வீரம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று விடியக்காலை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அந்த மனுஷன் சாமி பேரைச் சொன்னாரா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து ஒரு வார்த்தை உண்டா? கண்ணைத் திறந்து கேட்டது இதைத்தான்: “சுதுவுக்கு மருந்து ஊத்துனியா?”

“ஊத்திட்டேன், ஊத்திட்டேன். ரெண்டு காதுக்கும் ஊத்தியாச்சு. பேசாம படுங்க.”

ஊற்றவில்லை. அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு நாய்க் காதா ஞாபகம் வரும்? அந்தப் பொய்யைக் கேட்டு நிம்மதியாகத் தலையைச் சாய்த்தவர் பிறகு நிமிரவில்லை.

ஹட்டனில் மிருக டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே குச்சி விடக்கூடாது, எண்ணெய் கூடாது, நனைந்தால் உடனே துடைக்க வேண்டும், குறைந்த மாதிரி தெரிந்தாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. ஓயாமல் பெய்யும் நோர்வூட் ஊர் மழையில் எதைக் காயவைப்பது? தன் பழைய பனியனை அடுப்பில் சூடு காட்டி நாய்க்குக் காது துடைப்பார்.

“எனக்கு ஒரு நாளாவது தல தொவட்டிருப்பீங்களா?” என்பாள்.

“நீ தலைய ஆட்டாம இருப்பியாடி?” என்பார்.

இப்போதுதான் நாற்றம் எட்டியதுபோல வடிவு மூக்கைச் சுளித்தாள். “வெள்ளப்பூடு போட்டு எண்ணெ காச்சி ஊத்துனா சரியாப் போயிரும் அண்ணி.”

“போன மாசம் நீ வந்து ஊத்திட்டுப் போனதுலதாண்டி இவ்வளவும்!”

வடிவு அண்ணியின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வெளியே தப்பும் ஓய்ந்தது.

“பெட்டிய மூடிருவமா? மழ வர்ற மாதிரி இருக்கு,” என்றது ஓர் ஆண் குரல்.

“இருங்க.” வீரம்மா எழுந்தாள்.

“அண்ணி, நீங்க எந்திரிக்கக் கூடாது!”

“சும்மா கெட.”

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மருந்துக் குப்பியை எடுத்தாள். பெட்டி ஓரத்தில், பிணத்தின் மூக்குக்கு வைத்தது போக மிஞ்சிய பஞ்சு கிடந்தது. அதில் ஒரு கை பிய்த்துக்கொண்டாள். பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

தரையில் உட்கார்ந்து சுதுவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். காதைத் தூக்கி, கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை மட்டும் துடைத்தெடுத்தாள். மருந்தைச் சொட்டவிட்டுக் காதடியைப் பிசைந்தாள். உள்ளே சளக் சளக்கென்றது. நாய் முனகிக்கொண்டு அவள் கையிலேயே சாய்ந்தது.

“அம்மா, எல்லாரும் பாக்கிறாங்கம்மா,” என்று வினோதா போனை இறக்கினாள்.

“பாக்கட்டும். சனியனே, மத்தக் காதக் காட்டு.”

விட்டதும் சுது ஒரு உதறு உதறியது. சேலையெல்லாம் மருந்து. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியருகே வந்து, பழனியாண்டியின் காதோரம் குனிந்தாள்.

“ரெண்டு காதுக்கும்,” என்றாள்.

நிமிர்ந்து, “மூடுங்க,” என்றாள்.