இடது கைக்கான விசைகள்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கம்யூனிகேஷன் கடையில் ஜெயகாந்தனுக்கு ஆறு வருட வேலை. தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் தட்டுவார், விண்ணப்பம் நிரப்புவார், அரசாங்கக் கடிதத்தைக் கொண்டுவருபவர்களுக்கு வாசித்து விளக்குவார். அதற்கு முன்பு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினில் நின்றவர். ஒரு நாள் அந்த மெஷின் அவருடைய வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தது.

மிஞ்சிய இடது கை மவுஸைப் பிடித்தால் தட்டுவதற்குக் கை இல்லை. அதனால் மவுஸே தேவைப்படாத ஒரு கணினி ஏற்பாட்டை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அதில் திரையில் திறக்கும் ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாது. இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் திரை தானே இரண்டாகப் பிரிந்து இடம் கொடுக்கும். எல்லாம் விசைப்பலகையிலேயே முடியும். எந்த விசைக்கு எந்த வேலை என்பதை ஒரு கோப்பில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுண்டுவிரலால் கேப்ஸ் லாக்கை அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் பக்கத்து எழுத்துகளைத் தட்டினால் போதும். அந்தக் கோப்பு மாதக்கணக்கில் வளர்ந்து முந்நூறு வரிகளைத் தாண்டியிருந்தது.

மணிக்கட்டு வலிக்காக நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் போய்விட்டு ஒரு புதன்கிழமை வந்து கணினியைப் போட்டார். பச்சை மலையும் நீல வானமுமாக ஒரு படம் வந்தது. கேப்ஸ் லாக்கை அழுத்தினார். சிறிய விளக்கு ஒன்று எரிந்தது, அவ்வளவுதான்.

“கௌசி, இதை யாரு தொட்டது?”

போட்டோகாப்பி மெஷினில் நின்ற கௌசி திரும்பாமலே பதில் சொன்னாள். அவள் கடைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. என்னால் அதில் வேலை செய்ய முடியவில்லை, ரிப்பேர் பார்ப்பவரை வரவழைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட வைத்தேன், கடிதங்கள் அத்தனையும் பென் டிரைவில் பத்திரமாக இருக்கின்றன என்றாள்.

கடிதங்கள் இருந்தன. மறைவான ஒரு ஃபோல்டருக்குள் கிடந்த அந்த முந்நூறு வரிக் கோப்பு மட்டும் இல்லை. ஜெயகாந்தன் “சரி” என்றார். அதற்குமேல் அன்று அவளிடம் பேசவில்லை.

கடை முதலாளி மயில்வாகனம், ஆட்களைக் காக்க வைக்காமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஜெயகாந்தன் பழைய ஏற்பாட்டை மறுபடி போட ஆரம்பித்தார். முதல் நாள் அறுபது வரிகள் நினைவுக்கு வந்தன. இரண்டாம் நாள் அதுவும் சண்டித்தனம் செய்தது. ஆங்கிலத்தில் தட்டும்போது எல்லா விசையும் ஒழுங்காகக் கேட்டது. தமிழுக்கு மாற்றிய உடனே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஜன்னலை விட்டு அடுத்ததற்குப் போக முடியாமல் திரை அப்படியே நின்றது. இதே தொல்லை முன்பும் வந்ததும், தானே அதைச் சரி செய்ததும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எப்படிச் செய்தார் என்பதுதான் வரவில்லை. ஒருமுறை கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை இன்னொரு முறை கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுபோல் மனுஷனைக் களைப்பாக்குவது வேறு எதுவும் இல்லை. வெளியே மழை விடாமல் பெய்தது. மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். நான்கு வரி தட்டியதும் விரல்கள் எழும்ப மறுத்தன. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கௌசி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, நீங்க இல்லாத அந்த ரெண்டு நாளும் நான் இங்க என்ன பட்டேன்னு நீங்க கேக்கவே இல்ல.”

பிறகு அவளே சொன்னாள். திங்கட்கிழமை காலையில் வட்டவளையிலிருந்து நாகலெட்சுமி என்ற அம்மா வந்திருந்தார். வீடு கிடைப்பவர்களின் பட்டியலில் பெயர் விடுபட்டதற்காக ஜெயகாந்தன் அவருக்கு மேன்முறையீடு ஒன்று தட்டி வைத்திருந்தார். அதைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அச்செடுத்துக் கையெழுத்து வாங்குவது மட்டும்தான் பாக்கி. கணினியைப் போட்டால் கறுப்புத் திரை, அதில் தொட ஒன்றுமே இல்லை. கௌசி கண்ட கண்ட விசைகளை அழுத்தினாள். ஜன்னல் இரண்டாகி, நாலாகி, கடுகு போல் சிறுத்துப்போனது. ஜெயகாந்தனுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அந்த அம்மா மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தம்மா ஏசியிருந்தாகூடப் பரவால்ல. ‘இருக்கட்டும் பிள்ள’ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுதான் என்னால தாங்க முடியல.”

இந்தக் கணினியைத் தன்னைத் தவிர யாராலும் இயக்க முடியாது என்பதில் ஜெயகாந்தனுக்கு இத்தனை நாளும் ஒரு நிம்மதி இருந்தது. தொழிற்சாலையில் அவருடைய இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்து நின்றான். இங்கே அப்படி யாரும் வந்து நிற்க முடியாது என்று நினைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கௌசியிடமும் இப்போது சொல்லவில்லை.

“நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்,” என்றாள் அவள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் இரண்டு கையாலும் தட்டினாள். சேமித்ததும் திரையின் மேற்புறம் சிவப்பாக ஒரு பட்டை வந்தது, நாற்பத்திரண்டாவது வரியில் பிழை என்று. மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறி. மூடினார்கள். பட்டை போனது. தமிழுக்கு மாற்றினார்கள், பழையபடி எல்லாம் நின்றது. கௌசி அந்த வரிகளை மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

“தமிழுக்கு மாத்தினா அங்க ‘ஏ’ங்கிற இங்கிலீஷ் எழுத்தே இருக்காதே அண்ணே. பொறகு அதை அமுக்கினா கம்ப்யூட்டருக்கு எப்படி வெளங்கும்?”

ஜெயகாந்தனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எந்த மொழிக்கு மாற்றினாலும் மாறாத ஓர் எண் ஒவ்வொரு விசைக்கும் உண்டு. கோப்பில் எழுத்தை எழுதாமல் அந்த எண்ணை எழுத வேண்டும். விசையை அழுத்தினால் அதன் எண்ணைக் காட்டும் சிறு நிரல் ஒன்றைத் திறக்கச் சொன்னார். கௌசி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பாழான போட்டோகாப்பித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. இடையில் ஆட்கள் வந்தார்கள், அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றரை மணிபோல் தமிழிலும் ஜன்னல்கள் சொன்னபடி நகர்ந்தன. இருவருக்கும் சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. கௌசி பால் விடாத பிளேன்டீ வாங்கி வந்தாள்.

குடித்துவிட்டு ஜெயகாந்தன் அவளுக்கும் கணினியில் தனியாக ஒரு பெயர் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெயரில் உள்ளே போனால் மவுஸும் படமுமாகச் சாதாரணத் திரை வரும். கடிதங்கள் இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருக்கும். தன்னுடைய திரையில் எப்படி அச்செடுப்பது என்பதையும் காட்டிக்கொடுத்தார். பிறகு அந்த அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கிப் போன் செய்தார்.

நாகலெட்சுமி மறுநாள் வந்தார். முந்திய கடிதத்தோடு, தாமதத்துக்கு விளக்கம் சொல்லி இன்னொன்றும் எழுத வேண்டியிருந்தது. ஜெயகாந்தன் சொல்ல, கௌசி தட்டினாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் அவள் விரல்கள் நின்றன.

“யாரோட பிழைன்னு போடறது அண்ணே?”

“கடையோட பிழைன்னு போடு,” என்றார் ஜெயகாந்தன். “கீழ என் பேரையும் போடு. நான் கையெழுத்து வைக்கிறேன்.”

இடது கையால் மெதுவாக வைத்தார். நாகலெட்சுமி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஹட்டன் பஸ் போய்விட்டதா என்று கேட்டார். இன்னும் போகவில்லை என்றாள் கௌசி.