பலகைக்கு எட்டும் தூரம்

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் உப்பளத்தோடு நிற்கவில்லை. பாத்தி வரப்புகளை அடித்துக்கொண்டு, ஓடை வழியாக மேற்கே ஏறி, திரௌபதியின் கழனியில் இடுப்பளவு நின்றுவிட்டுத்தான் திரும்பியது. பால் பிடித்திருந்த நெல்லை மண்ணோடு படுக்கவைத்துவிட்டுப் போனது. அவள் புருஷன் சிங்காரத்தைக் கையோடு கொண்டு போனது. மழை விட்டு வெயில் காய்கிறதே என்று உப்புப் பாத்திகளைச் சீர் பண்ணப் போயிருந்தான் அவன். கூடப் போனவர்களின் உடல்கள் முள்செடிகளுக்குள் கிடைத்தன. அவன் மட்டும் கிடைக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் கழனி வெளுக்கத் தொடங்கியது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, மிதித்தால் உப்புப் பொறுக்கு நொறுங்கியது. அக்கம்பக்கத்துக்காரர்கள் இனி ஒன்றும் விளையாது என்று கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். திரௌபதி போகவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் சிங்காரத்தின் சட்டை கொடியில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கழனியில் நின்றால் அந்தத் தொல்லை இல்லை.

வேளாண்மைத் துறையிலிருந்து ராஜவேல் என்ற வானூர்க்காரர் வந்தார். மண்ணை அள்ளிப் பையில் கட்டிக்கொண்டு போனார்; மறுபடி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"வெறும் தண்ணி வுட்டுக் கழுவினாப் பத்தாதும்மா. மண்ணப் புடிச்சிக்கினு இருக்கிற உப்பு அப்பிடிப் போவாது. ஜிப்சம் போட்டு உழுதாத்தான் மண்ணு அத வுடும். அப்புறம் நல்ல தண்ணி தேக்கி வடிக்கணும். திருப்பித் திருப்பிச் செய்யணும். பொறுமை வேணும்."

"பொறுமைக்கு இன்னா சார், இருக்குது" என்றாள் திரௌபதி.

ஓடையை ஒட்டிய நீளத்துண்டில்தான் முதலில் தொடங்கினாள். அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கத்து வீட்டு அமுதவல்லியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஜிப்சத்தைக் கூடை கூடையாகத் தூவினாள். உழுது, ஏரித் தண்ணீரைப் பாய்ச்சித் தேக்கி, சில நாள் கழித்து ஓடைப்பக்கம் மடையைத் திறந்துவிட்டாள். கலங்கலாக வடிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

துண்டு காய்ந்த பிறகு ஒரு காலை போய்ப் பார்த்தால், வரப்போரத்தில் உப்பு குவித்து வைத்திருந்தது.

முதலில் யாரோ உப்பு மூட்டை கொண்டு போகும்போது கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஒரு குவியல் மட்டும் இல்லை. வரப்பு நெடுக இடைவெளி விட்டு விட்டு, உப்பளத்தில் வாரி வைப்பதுபோலக் கூம்பு கூம்பாக நின்றன. குனிந்து எடுத்துப் பார்த்தாள். கழனியில் பூக்கும் உப்பு மண்ணும் தூசியுமாக மாவு போல இருக்கும். இது பரல் பரலாக, வெள்ளை வெளேரென்று, நல்ல வெயிலில் பல நாள் விளைந்த உப்பாக இருந்தது.

"இன்னாக்கா இது?" என்றாள் அமுதவல்லி. "உன் கழனிய எவனோ உப்பளமா ஆக்கறான் போலக்கீது."

திரௌபதி அவசர அவசரமாகக் குவியல்களை ஓடையில் தள்ளிவிட்டு, மறுபடி ஜிப்சம் தூவி, மறுபடி தண்ணீர் கட்டினாள்.

அன்று உச்சிவெயில். காற்று சுத்தமாக நின்றிருந்தது. தேங்கிய தண்ணீர் தகடு மாதிரி அசையாமல் கிடக்க, இருவரும் வேலமர நிழலில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். எதிர் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து மரப்பலகை மண்ணில் உரசும் ஓசை கேட்டது. சர்ரென்று ஒரு இழுப்பு. பிறகு மௌனம். மறுபடி ஒரு இழுப்பு.

திரௌபதி நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீரில் ஒரு கோடு தோன்றி, உள்ளேயிருந்து வரப்பை நோக்கி நகர்ந்து வந்து நின்றது. அலை அடங்கியது. ஓரடி தள்ளி அடுத்த கோடு தொடங்கியது. நிதானமாக, அவசரமே இல்லாமல், வரப்பு நெடுக அது போய்க்கொண்டே இருந்தது. வரப்பின் மேல் யாரும் இல்லை.

அமுதவல்லி கையிலிருந்த சோற்றைத் தூக்குக்குள் திரும்பப் போட்டாள். "நான் போறேன்க்கா" என்றவள், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

திரௌபதி உட்கார்ந்தபடியே இருந்தாள். அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். சாப்பாடு கொண்டு போகும்போதெல்லாம் உப்பளத்து மேட்டில் நின்று பார்த்திருக்கிறாள். சிங்காரம் பாத்தி வரப்பில் நின்று நீளக் காம்புப் பலகையை எறிந்து உப்பை இழுக்கும்போது, முக்கால்வாசியில் ஒரு கணம் நிறுத்தி, இடுப்பை நிமிர்த்தி, மீதியை இழுப்பான். தண்ணீரில் வந்த கோடும் முக்கால்வாசியில் நின்று நின்றுதான் வந்தது.

அடுத்த முறை ராஜவேல் வந்தபோது புதிய குவியல்கள் இருந்தன. அவர் பைக்கை நிறுத்திவிட்டுச் சந்தோஷமாகப் பார்த்தார்.

"மேலாப்புல இருக்கிற உப்பச் சொரண்டி எடுக்கறதும் நல்ல வைத்தியந்தாம்மா. ஆளு வெச்சீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் துண்டின் ஓரமாக நடந்தார். நடை மெதுவானது.

"ஈர மண்ணு. இவ்ளோ வாரியிருக்காங்க, உள்ள ஒரு காலடிகூடக் காணோமே" என்றார். பிறகு அதை விட்டுவிட விரும்பியவர்போலக் கையைத் தட்டிக்கொண்டார். "ஓரம் ரெண்டும் சுத்தமாயிடிச்சி. நடுவுல மட்டும் அப்பிடியே வெள்ளையா நிக்குது, பாருங்க. அங்க ஏன் வாரல?"

"எட்டலீங்க" என்றாள் திரௌபதி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ராஜவேல் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தக்கைப்பூண்டு விதை வந்ததும் சொல்லி அனுப்புவதாகக் கூறி வண்டியை எடுத்தார்.

கல்யாணமான புதிதில் நடந்தது அது. உப்பளத்திலிருந்து நேரே நாற்று நடவுக்கு உதவ வந்த சிங்காரத்தைத் திரௌபதியின் அப்பா வரப்பிலேயே நிறுத்தினார். "உப்புக் காலோட என் கழனியில எறங்காத" என்றார், நட வந்த பெண்கள் எல்லார் முன்னாலும். சிங்காரம் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான். அப்பா செத்து, நிலம் திரௌபதிக்கு வந்து, எத்தனையோ போகம் ஆனபிறகும் அவன் இறங்கவில்லை. வரப்பு வரை வருவான். நெல் மூட்டையை வரப்பிலிருந்து தூக்குவான். ஒருமுறை அவளே, "இப்போ நம்முளுதுதானே, எறங்கு" என்று கூப்பிட்டாள். "வேணாம் வுடு" என்றான். அவ்வளவுதான்.

செத்தும் இறங்காமல் வரப்பில் நின்றுதான் வாரிக்கொண்டிருக்கிறான்.

அன்று முழுக்க அவள் அழுதாள். பயமும் விட்டுப்போகவில்லை. ஆனால் மறுநாள் மண்வெட்டியோடு போய், துண்டின் நட்டநடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு புது வரப்புப் போடத் தொடங்கினாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இருக்கிற அகலமே இத்தனை, இதற்கு நடுவில் வரப்பு எதற்கு, புருஷன் போன பித்து என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் நிற்கக்கூடிய அகலத்துக்கு வரப்பைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஜிப்சம் தூவி, தண்ணீர் கட்டி வடித்தாள்.

அது காய்ந்த அன்று புது வரப்பின் இரண்டு ஓரமும் குவியல்கள் வரிசையாக நின்றன. நடுவிலிருந்த வெள்ளை போய், பழுப்பு நிறத்தில் மண் முகம் காட்டியது. திரௌபதி குவியல்களைக் கூடையில் அள்ளி ஓடையில் கொட்டினாள். இந்த முறை அவசரமாகத் தள்ளவில்லை. வாரி வைத்தவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்போடு, சிந்தாமல் அள்ளினாள். பக்கத்துத் துண்டுகளை அவளே சுரண்டி, கழுவி முடித்தாள்.

ஆடியில் தக்கைப்பூண்டு விதைத்தாள். இடுப்பளவு வளர்ந்து பூ விடும்போது மடக்கி உழுது, உரமாகட்டும் என்று மண்ணோடு மண்ணாக்கினாள். உப்பைத் தாங்கும் நெல் விதையும் துத்தநாக சல்பேட்டும் ராஜவேல் கொண்டு வந்தார். நட்டபின் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஊரெல்லாம் வெள்ளம் என்று புலம்பியபோது, திரௌபதி குடை கூட இல்லாமல் மடையில் நின்று, உப்பு கழுவிப் போகட்டும் என்று திறந்து திறந்து விட்டாள். பலகை ஓசை அந்த மழையோடு நின்றுபோயிற்று. கேட்குமா என்று வெயில் வந்த நாட்களில் வேலமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தாள். கேட்கவில்லை.

தை முடிவில் அறுத்தார்கள். நீளத்துண்டு மட்டும் அலைக்கு முந்திய விளைச்சலையும் மிஞ்சியது. பதரே இல்லை. ராஜவேல் கதிரை உருவிக் கையில் வைத்து ஊதிப் பார்த்து, "திரட்சியப் பாருங்கம்மா" என்று எல்லாரிடமும் காட்டினார்.

"அடுத்து மல்லாட்டை போடுங்க, கடலைக்கு இப்ப மண்ணு தயாரா இருக்குது. பூ பூக்கும்போது ஒரு தரம் ஜிப்சம் வெச்சி மண்ணு அணைச்சீங்கன்னா காய் கெட்டியா வரும்" என்றவர், நடு வரப்பைக் காலால் தட்டினார். "இது இனிமே எதுக்கு? எடம் வீணாவுது. வெட்டிக் கலைச்சிடுங்க."

நியாயம்தான் என்று திரௌபதிக்கும் பட்டது. மறுநாள் பகலில் மண்வெட்டியோடு போனாள். ஓங்கி வெட்டினாள். டங்கென்று எகிறியது. கல்லோ என்று இடம் மாற்றி வெட்டினாள். அங்கேயும் எகிறியது. அவள் கையால் போட்ட பொலபொலத்த மண் அது. மாதக்கணக்கில் மழையில் ஊறியது. குனிந்து தடவிப் பார்த்தாள். உப்புப் பாத்தியைக் கட்டுவதற்கு ஆட்கள் வரிசையாக நின்று நாள் முழுக்க மிதிப்பார்களே, அப்படி மிதித்து மிதித்து, தரை சிமென்ட் போலக் கெட்டித்திருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

எந்த நாளில், எத்தனை முறை இதன்மேல் நடந்திருப்பான்? பயிர் நின்ற நாட்களிலுமா? அவள் தனியாகக் களை பறித்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலா?

திரௌபதி மெல்ல நிமிர்ந்தாள். சுற்றிலும் அறுத்த தாள் மட்டும் நின்ற கழனி. கிழக்கே உப்பளத்து வெள்ளை. காற்று நின்றிருந்தது.

"இருக்கட்டும்" என்றாள், யாரையும் பார்க்காமல். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வரப்பில் கால் வைக்காமல், தாளுக்குள் இறங்கி நடந்து வெளியே வந்தாள்.

மாசியில் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மல்லாட்டை விதைத்தாள்.