வீட்டுக்கு மட்டும் தனிக்கூண்டு

மார்ச் ஏழாம் தேதி காலை, பொது மருத்துவமனையின் பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெண்ணின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. சோதித்துப் பார்த்த மாத்திரைகள் எதற்கும் கிருமி சாகவில்லை.

பக்கத்து ஸ்டூலில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். கோழிப்பண்ணைக்காரர். காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்ததால் அவள் பழைய கதையை எடுத்தாள்.

"முதல் தடவை குஞ்சு இறக்கினோமே, ஞாபகம் இருக்கா? பல்புக்கடியில சாக்கை விரிச்சு, குஞ்சுங்களோடவே படுத்தோம்."

"படுத்தது நீ. நான் காவல்."

"பெரிய காவல். நான் முனகினா திரும்பிப் படுப்பீங்க. குஞ்சு தும்மினா எழுந்து ஓடுவீங்க."

அவர் சிரித்துவிட்டார். கொட்டகையின் மரத்தூள் வாசமும், விடியலில் இருவரும் ஒரே டம்ளரில் குடித்த டீயும் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் தும்மிய குஞ்சை அட்டைப்பெட்டியில் தனியே எடுத்து வைப்பார்கள். பண்ணை பெரிதானதும் அதற்கு நேரமில்லை. ஒன்று தும்மினால் தண்ணீர்த் தொட்டியிலேயே மருந்து கலந்தார்கள். பிறகு, தும்மாவிட்டாலும் கலந்தார்கள்.

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வந்த டாக்டரம்மா கேட்டார்: "பண்ணையில ஆன்டிபயாடிக் கலக்குறீங்களா?"

"எல்லாரும் கலக்குறதுதான் டாக்டர். ஆனா நாங்க அந்தக் கோழிங்களைச் சாப்பிடவே மாட்டோம். வீட்டுக்குன்னு தனிக்கூண்டு இருக்கு. அதுங்களுக்கு வெறும் தண்ணிதான்."

"அப்போ கெடுதல்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க பண்ணையிலேருந்துதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தினமும் மருந்து குடிக்கிற கோழிங்ககிட்ட அதுக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சும். கறியில மட்டும் இல்ல, செருப்புல, கையில, சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும். கூண்டு அதைத் தடுக்காது. இனி ஒரு ஊசிதான் பாக்கி. அதுக்காவது கிருமி சாகணும்."

டாக்டரம்மா போனபின்னும் அவர் தலை நிமிரவில்லை. அவள்தான் பேசினாள்.

"நம்ம வயித்துக்கு மட்டும் நல்ல கோழியா பாத்து வளத்தோங்க. வாங்கித் தின்னவங்களுக்கும் வயிறு இருக்குன்னு நெனைக்கல. அடுத்தவங்களுக்குக் குடுக்கிற விஷம் நம்ம வீட்டு வாசலோட நின்னுடுமா?"

"இனிமே கலக்க மாட்டேன்மா."

"நோவு வந்ததுக்கு மட்டும் குடுங்க. அதுவும் மாட்டு டாக்டரைக் கேட்டுக்கிட்டு."

அந்த ஊசிக்கும் கிருமி சாகவில்லை. அந்த வாரமே அவள் இறந்துபோனாள். பண்ணையில் இப்போது தொட்டியில் மருந்து கலப்பதில்லை. தும்முகிற கோழியைத் தனியே பிரித்து வைக்கிறார்கள்.