புதுப் பெட்டியின் உறுமல்

என் தம்பி கோரேனை ஜெனரேட்டர்காரனின் ஆட்கள் தெருமுனையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தபோது, என் புருஷன் ஸாவென் மாடியில் ஒரு வைர ஊசியை எடை பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றெரிச்சலில் கூட்டிச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்ததுதான். நான் கத்திக்கொண்டு படியிறங்க ஓடுகிறேன், அவன் தலையைக்கூடத் தூக்காமல், "கதவ மெதுவா சாத்து ஷாகே, ஊசி ஆடுது" என்கிறான்.

பூர்ஜ் ஹம்மூதில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஸாவெனைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். நகைப்பட்டறையில் கல் பதிக்கிறவன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் ரிக்கார்டு பிளேயர். ரிக்கார்டு வாங்கி நாலு பாட்டுக் கேட்கிறவனாக இருந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். இவனுக்குப் பாட்டு முக்கியமில்லை. ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜை மாற்றுவான். மாற்றியதும், அந்த ஊசி எழுப்புகிற துளிச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ப்ரீ-ஆம்ப் பெட்டி மட்டம் என்று தோன்றும். பெட்டியை மாற்றினால் கார்ட்ரிட்ஜ் மட்டமாகிவிடும். மாமியார் மருமகள் சண்டை மாதிரி அதற்கு முடிவே கிடையாது.

அந்த வசந்தத்தில் ஜப்பானிலிருந்து இரண்டையும் ஒன்றாக வரவழைத்தான். புதுக் கார்ட்ரிட்ஜின் சத்தம் கொசுவின் முனகலைவிடச் சன்னமாம், அதைத் தூக்கி நிறுத்த அதற்கேற்ற பெட்டியாம். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் குனிந்து பொருத்தினான். சுவிட்சைப் போட்டதும், ஊசி ரிக்கார்டைத் தொடுவதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தது. பழைய பெட்டியில் அப்படி எதுவும் இருந்ததில்லை.

புத்தியுள்ளவன் முதலில் தான் போட்ட வேலையைச் சந்தேகப்படுவான். ஸாவென் அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். பழைய பெட்டி செவிடாம். புதுப் பெட்டிக்குக் காது கூர்மையாம். தன்னூஸின் ஜெனரேட்டர் கரண்டில் இத்தனை நாள் கலந்திருந்த அழுக்கு இப்போதுதான் வெளியே தெரிகிறதாம்.

தன்னூஸைப் பகைத்துக்கொண்டு எங்கள் தெருவில் யாரும் விளக்கேற்ற முடியாது. அரசாங்கக் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். மற்ற நேரமெல்லாம் தெருமுனையில் லாரி அளவுக்கு நிற்கும் தன்னூஸின் ஜெனரேட்டர்தான். பக்கத்திலேயே வீட்டுக்கொரு சுவிட்ச் வைத்த இரும்புப் பெட்டி. பிடிக்காதவன் வீட்டுச் சுவிட்சைக் கீழே தட்டினால் அந்த வீடு இருட்டு. சட்டென்று கை ஓங்குகிறவன், சுற்றி எப்போதும் நாலு தடியன்கள். ஆனால் சொன்ன சொல்லை மாற்றினான் என்று அவன் எதிரிகூடச் சொன்னதில்லை.

அவனிடம் இவன் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். லஹ்மஜூன் என்கிற கறி ரொட்டி வாங்க அரைத் தெருவும் வரிசையில் நிற்கிற பேக்கரி வாசலில் வைத்து ஆரம்பித்தான். எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறாய், கரண்டெல்லாம் அழுக்கு, என் வீட்டில் உறுமுகிறது என்றான். தன்னூஸ் முதலில் சிரித்தான்.

"தெருவே என் கரண்ட்ல துவைக்குது, சமைக்குது. ஒருத்தனும் உறுமுதுன்னு சொல்லல. உன் பொண்டாட்டி குறட்டையா இருக்கும், போய்ப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் என் பேரைக் கெடுத்ததோடு போயிருக்கும். ஸாவென் முகம் சிவந்து, "ஒருநாள் ஏதாவதொரு பிள்ள குழாயத் தொட்டுச் சாகும், அன்னைக்குத் தெரியும் நீ கொலகாரன்னு" என்றான். தன்னூஸின் மனைவியும் அந்த வரிசையில் நின்றிருந்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் சுவிட்ச் கீழே விழுந்தது. எங்களோடு இருந்த கோரேன், அத்தான் வீடு இருட்டாகிவிட்டதே என்று போய் அதை மேலே தூக்கிவிட்டான். அதற்குத்தான் அந்த மிதி. முன்பல் உடைந்தது. கீழுதடு கிழிந்து தொங்கியது. என் மேலங்கியால் அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே உதட்டைத் தைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் நேராகச் சமையலறைக்குப் போய், பாஸ்துர்மா இறைச்சி அறுக்கிற நீளக் கத்தியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான் எடுத்து ஒளித்தேன். வெளியே போய் வேறொன்று வாங்கி வந்தான். தையல் போட்ட வாயால், "தன்னூஸ் குடல ரோட்டுல போடாம விட மாட்டேன்க்கா" என்றான். அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவன் கொலைகாரனாகவும் கூடாது, பிணமாகவும் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெட்டி உறுமினால் என்ன, ஊளையிட்டால் என்ன.

நானே தன்னூஸிடம் போனேன். அவன் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். அடித்தது அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டான், ஆனால் கொலைகாரன் என்ற வார்த்தையை அவனால் விழுங்க முடியவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னான். அவனே வீட்டுக்கு வந்து கேட்பான். ஜெனரேட்டரை நிறுத்தியதும் உறுமல் நின்றால் குற்றம் அவனுடையது. தெரு பார்க்கக் கோரேனின் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பான், அன்றைக்கே தன் கையால் எர்த் கம்பியைப் பிரித்துக் கட்டுவான். உறுமல் நிற்காவிட்டால் ஸாவென் அதே பேக்கரி வாசலில் நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். இதைவிட நியாயமாக யார் பேசுவார்கள்? அவன் கையைப் பிடித்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தன்னூஸ் வந்தான், தம்பி மித்ரியும் கூட வந்தான். நான் காப்பி வைத்தேன். யாரும் தொடவில்லை. கோரேன் சுவரில் சாய்ந்து, கையைக் கோட்டுக்குள் விட்டபடி நின்றான். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மித்ரிக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவன் கண் அங்கேயே இருந்தது.

ஸாவென் சத்தத்தைக் கூட்டினான். 'உம்ம்ம்' என்று அறை முழுக்க உறுமியது. தன்னூஸ் புருவத்தைச் சுருக்கிக் கேட்டான். பிறகு பால்கனியிலிருந்து கீழே கை காட்டினான், ஜெனரேட்டர் இருமி அடங்கியது. பெட்டிக்கென்று மட்டும் ஸாவென் வைத்திருந்த பேட்டரிக்குக் கரண்ட் மாறியது. பெட்டி அணைந்து மறுபடி உயிர் பெறச் சில நொடி பிடித்தது. அதற்குள் ஸாவென் ஊசி பொருத்திய உலோகக் கையை விரலால் பிடித்து ரிக்கார்டுக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொண்டான். பெட்டி விழித்தது. சத்தமே இல்லை.

ஸாவென் சிரித்தான். விரலை எடுத்தான். 'உம்' என்று தொடங்கிய மாதிரி இருந்தது. உடனே பலமாக இருமிக்கொண்டு மறுபடி அந்தக் கையைப் பிடித்தான். அறை அமைதியானது. அவன் முகம் மட்டும் சாம்பல் பூத்துப் போயிருந்தது. கோரேனுக்கு நியாயம் கிடைத்துவிட்டதே என்கிற நெகிழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கேளு தன்னூஸ். இருக்கா?" என்றான், விரலை எடுக்காமலே.

தன்னூஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். "இல்ல. தப்பு என்னுதுதான்" என்றான்.

படியிறங்கித் தெருவுக்குப் போய், எல்லாரும் பார்க்கக் கோரேனின் தலையைப் பிடித்து முத்தமிட்டான். கோரேன் அழுதான். கோட்டிலிருந்து கத்தியை எடுத்து மித்ரியிடம் கொடுத்தான். தன்னூஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கம்பியைப் பிரிக்க உட்கார்ந்தான். நானும் பிடிக்கிறேன் என்று கோரேன் பக்கத்தில் குந்தினான். பால்கனியிலிருந்து இதைப் பார்த்த எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

உள்ளே திரும்பினேன். ஸாவென் புதுப் பெட்டிக்குப் பின்னால் திருப்புளியோடு குனிந்திருந்தான். என்ன என்று கேட்டேன்.

"எர்த் வயரு. திருகு பிடிக்காம இருந்திருக்கு."

"யாரோடது?"

"நம்மளுது."

விட்டுப்போன எர்த்துக்குப் பதிலாக அவன் உடம்பே நின்றிருக்கிறது. உலோகத்தைத் தொட்டால் ஏன் உறுமல் நின்றது, விரலை அவன் ஏன் எடுக்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே போய்ச் சொல் என்றேன். "சொன்னா பேக்கரி முன்னால நிக்கணும். அவன் எர்த்தும் சரியாகட்டுமே, ஊருக்கு நல்லதுதான" என்றான். அவன் முகத்தில் துப்பிவிட்டு ஓடினேன்.

பாதிப் படியில் விளக்குகள் எரிந்தன. அரசாங்கக் கரண்ட் வந்துவிட்டது. கட்டடம் முழுக்கப் பிள்ளைகள் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கைதட்டினார்கள். இரண்டு கரண்டின் சுவிட்சையும் சேர்த்துப் போட்டு வைக்கிற சோம்பேறி வீடு ஒன்று எல்லாத் தெருவிலும் உண்டு. அந்த வீட்டு வழியாக அரசாங்கக் கரண்ட் ஜெனரேட்டர் பக்கம் திரும்பி ஏறி வந்தது, தன்னூஸ் கையிலிருந்த கம்பிக்கு.

நான் தெருவுக்கு வந்தபோது அவன் கம்பியோடு ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தான். கோரேன் ஒரு பலகையை எடுத்து அவன் கையில் அடித்தான். மறுபடி அடித்தான். கை கம்பியை விட்டுப் பிய்ந்து வந்தது. தோல் கருகிய நாற்றம் பேக்கரி வரைக்கும் வந்தது. கோரேன் பலகையை வீசிவிட்டு அவன் நெஞ்சில் குத்தினான், தைத்த வாயை அவன் வாயில் வைத்து ஊதினான். தையல் பிரிந்து இருவர் முகத்திலும் இரத்தம். தன்னூஸ் கண் மேலே பார்த்தபடி நின்றுவிட்டது.

காப்பிக்கடையில் மித்ரியோடு உட்கார்ந்திருந்த தடியன்கள் பார்த்தது பலகையைத்தான். முதல் உதை கோரேனின் காதில் விழுந்தது. மித்ரி இரும்புக் கம்பியோடு வந்தான். நான் கோரேன்மேல் விழுந்து படுத்தேன். என் விலாவில் உதைத்தார்கள். உதை வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், திருகு, வயர், விரல் எல்லாவற்றையும்.

மித்ரி நின்றான். ஸாவென் பால்கனியில் தெரிந்தான்.

"இவ சொல்றது நெசமா?" என்று மித்ரி மேலே பார்த்துக் கேட்டான்.

ஸாவென் மித்ரி கையிலிருந்த கம்பியைப் பார்த்தான், கோரேனைப் பார்த்தான். "அவளுக்கு என்ன தெரியும்? அவ காதுக்கு ஒண்ணும் கேக்காது" என்றான். உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

மித்ரி கம்பியை மறுபடி ஓங்கினான். என் அடியில் கோரேன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், எனக்குக் கவலையில்லை. அங்கியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மித்ரியிடம் நீட்டினேன்.

"மூணாவது மாடி. தாழ்ப்பாள் லேசுதான், ரெண்டு உதைக்குத் தாங்காது. பெட்டிக்குப் பின்னால பாரு, திருகுல புதுக் கீறல் இருக்கும்."

அவர்கள் படியேறினார்கள். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து கோரேனின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மேலே கதவு உடைந்தது. கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை, பார்க்கிறார்கள் என்று புரிந்தது. பிறகு ஸ்பீக்கர் விழுந்து நொறுங்கியது. அதற்குப் பிறகு ஸாவென் என் பேரைச் சொல்லிக் கத்தினான்.

"அக்கா, அத்தான்..." என்று கோரேன் எழப் பார்த்தான்.

"பேசாத, வாயில ரத்தம் வருது" என்று அவன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.