குழுவில் வந்த வெள்ளம்

தன் பயணிகள் வேனில் பதினாறு பேர் ஏறினால்தான் மெலிஸ் சாவியைத் திருப்புவான். பத்துப் பேர் ஏறி உட்கார்ந்து, மீதி ஆறு பேருக்காகக் காத்திருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவன் உலகத்தைக் காப்பாற்றுவது வழக்கம். செல்போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் கிர்கிஸ்தான் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் கோக்-செங்கிர் ஊரின் வாட்ஸப் குழுவுக்குத் தள்ளிவிடுவான். நானூறு பேர் இருக்கிற குழு. அட்மின் அவன்தான்.

திங்கட்கிழமை, "மூன்றே வருடத்தில் மலையில் ஒரு கைப்பிடிப் பனி மிஞ்சாது" என்று வரும். புதன்கிழமை, "பூமி சூடாகிறது என்பது வெளிநாட்டுக்காரன் கட்டிவிட்ட கதை, நம்பாதீர்கள்" என்று வரும். இரண்டையும் அனுப்பியவன் ஒரே ஆள். இரண்டுக்கும் கீழே இதயம் போட்டவர்களும் அதே ஆட்கள். எதற்கு இதயம் அதிகம் விழுகிறதோ, அன்றைக்கு அதுதான் உண்மை. மெலிஸ் கெட்டவன் இல்லை. "மெலிஸ் போட்டிருந்தான், பார்த்தியா?" என்று நாலு பேர் பேசுவது அவனுக்குப் பிடித்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதே குழுவில் தினமும் காலை எட்டு மணிக்கு இன்னொரு செய்தியும் வரும். அனுப்புகிறவள் புருல்சா, மெலிஸின் மனைவி நாசிராவுக்குத் தங்கை. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பனி உருகி உருகி ஒரு ஏரி வருடா வருடம் பெருத்துக்கொண்டே வருகிறது. அந்த ஏரியையும் அதிலிருந்து இறங்கும் ஆற்றையும் அளப்பது அவள் வேலை. "நீர்மட்டம் 142 செ.மீ., கொள்ளளவு விகிதம் 0.81, வெப்பநிலை முரண் +3.2" என்று எழுதுவாள். ஈ, காக்காய் எட்டிப் பார்க்காது.

"நீ அனுப்புறது ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கு புருல்சா. எவன் படிப்பான்?" என்பான் மெலிஸ்.

"நீங்க அனுப்புறது சந்தையில தர்பூசணிக்காரன் கூவுற மாதிரி இருக்கு அத்தான். வெட்டிப் பார்த்தாத்தானே தெரியும், வெள்ளையா சிவப்பான்னு."

அக்காள் புருஷனை வாருவது எங்கள் பக்கத்தில் மச்சினியின் உரிமை. மெலிஸும் சிரித்துக்கொள்வான்.

ஜூன் கடைசியில் அந்தக் கூத்து நடந்தது. எங்கிருந்தோ ஒரு வீடியோ வந்தது. மரத்தையும் காரையும் உருட்டிக்கொண்டு கறுப்பாகச் சேற்று வெள்ளம் இறங்குகிறது. எந்த ஊர், எந்த வருடம், ஒன்றும் கிடையாது. மெலிஸ் அதன் மேலே தானாகவே, "நம்ம பள்ளத்தாக்கு, இப்போ, ஓடுங்க" என்று எழுதிப் போட்டுவிட்டான்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் இருக்கிற கீழ்த்தெருவில் ஓமுர்சாக்கின் மகளுக்குக் கல்யாணம். அண்டாவில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. செய்தி வந்ததுதான் தாமதம், மாப்பிள்ளை வீட்டார் உட்பட மொத்தத் தெருவும் கம்பளத்தையும் டீ போடும் சமோவாரையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடியது. மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்தார்கள். ஆறு பாட்டுக்கு எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து பார்த்தால் அண்டாவில் எலும்புகூட மிச்சமில்லை, நாய்கள் வயிறு புடைத்துப் படுத்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி மறுபடி கல்யாணத்தை நடத்த ஓமுர்சாக்குக்கு இரண்டு வாரம் ஆனது.

"தப்பாப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிடுங்க அத்தான்," என்றாள் புருல்சா.

"எழுதினா என் மரியாதை என்னாகும்? நாலு நாள்ல மறந்துடுவாங்க."

வீடியோவை மட்டும் சத்தமில்லாமல் அழித்தான். ஊர் மறக்கவில்லை. பாதிப் பேர் குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தார்கள். மீதிப் பேர் கேலி செய்வதற்காகத் திறந்து வைத்தார்கள்.

ஜூலை நடுவில் நாலு நாள் தொடர்ந்து வெயில் கொளுத்தியது. ஆடுகள் நிழலை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் மூன்று மணிக்கு மெலிஸ் தன் வீட்டு முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, புருல்சா குதிரையை விரட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"அத்தான், காலைல ஏரி நிரம்பி விளிம்பைத் தொட்டுடுச்சு. இப்போ ஆத்துல தண்ணி திடீர்னு அரை மீட்டர் இறங்கிருச்சு."

"இறங்கினா நல்லதுதானே?"

"மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. பின்னால தண்ணி சேர்ந்துக்கிட்டே இருக்கு. பிச்சுக்கிட்டு வந்தா கீழ்த்தெரு இருக்காது. ஒரு மணி நேரம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மாவட்ட ஆபீஸ்ல இருந்து மீட்பு ஆளுங்க கிளம்பிட்டாங்க, வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். குழுவுல போட்டேன், பாருங்க."

பார்த்தான். "இயற்கைத் தடுப்பு உடைவதற்கான நிகழ்தகவு அதிகம்" என்று எழுதியிருந்தாள். ஆறு பேர் பார்த்திருந்தார்கள். ஓமுர்சாக் மட்டும் பதில் போட்டிருந்தார்: "இந்தத் தடவை நாயைக் கூப்பிட்டு விருந்து வச்சுட்டுத்தான் கிளம்புவோம்." அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள்.

மெலிஸ் மூன்று பேருக்குப் போன் செய்தான். ஒருவன் சிரித்தான். ஒருத்தி, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது ஆள் எடுக்கவே இல்லை. கீழ்த்தெருவில் நாற்பது வீடு. அதில் ஒரு வீட்டில் நாசிரா, தன் சித்தியோடு சேர்ந்து ஆப்ரிகாட் பழ ஜாம் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள், போனை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான்," என்றான் மெலிஸ்.

"நம்ப மாட்டாங்கதான். ஏன்னு உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள் புருல்சா.

வேனைக் கீழ்த்தெருவின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினான். ஒரு கணம் யோசித்தான். பிறகு தொண்டை கிழிய, "சுயுஞ்சு, சுயுஞ்சு" என்று கத்தினான்.

நல்ல சேதி கொண்டுவருகிறவன் வாசலில் நின்று கத்துகிற வார்த்தை அது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற கிர்கிஸ்காரன் இன்னும் பிறக்கவில்லை. சேதி சொல்கிறவனுக்குக் கொடுக்கக் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தே ஆகவேண்டும். கதவுகள் படபடவென்று திறந்தன. மாவுக் கையோடு பெண்கள் வந்தார்கள். ஒரு கிழவர் ஒற்றைச் செருப்போடு வந்தார்.

"யாருக்குடா குழந்தை? பையனா, பொண்ணா?"

மெலிஸ் வேன் படியில் ஏறி நின்றான்.

"நல்ல சேதி என்னன்னா, இன்னிக்கு நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. போன மாசம் நான் போட்ட வீடியோ எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. எல்லாரும் பார்க்கணும்னு 'நம்ம பள்ளத்தாக்கு'ன்னு நானே எழுதினேன். ஓமுர்சாக் அண்ணே, உங்க பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான். இன்னிக்கு வீடியோ எதுவும் இல்லை. மேல ஆறு அடைபட்டு வெள்ளம் வரப்போகுது, ஏரியைப் புருல்சா கண்ணால பார்த்துட்டு வந்திருக்கா. என்னை நம்பவேணாம், போய் ஆத்தைப் பாருங்க."

ஓமுர்சாக் ஒரு முறை முறைத்துவிட்டு, தன் வீட்டுக் கொல்லைச் சுவர் வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்த்தார். ஜூலை மாதத்தில் பேச்சே கேட்காதபடி இரைகிற ஆறு அது. ஓட்டமாகத் திரும்பி வந்தார்.

"கல்லு தெரியுது. சத்தமே இல்லை," என்றார். "கிளம்புங்க."

இருபது நிமிடத்தில் தெரு காலியானது. இந்தத் தடவை யாரும் கம்பளத்தைத் தொடவில்லை. நடக்க முடியாதவர்களை மெலிஸ் இரண்டு நடையாக வேனில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டில் விட்டான். பதினாறு பேர் ஏறும் வேனில் அன்றைக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்று அவனுக்கே தெரியாது.

நாலேகாலுக்கு வந்தது. முதலில் தரை அதிர்ந்தது, பிறகு வீடு உயரத்துக்குக் கறுப்பாகச் சேறு இறங்கியது. பாலத்தை எடுத்தது, உருளைக்கிழங்கு வயலை எடுத்தது, ஏழு வீட்டை அடுப்போடு வழித்துக்கொண்டு போனது. மேட்டில் புருல்சா பெயர் சொல்லிச் சொல்லி மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் எல்லோரும் இருந்தார்கள். அப்பாடா என்று அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நாசிரா முழங்கை வரைக்கும் ஜாம் ஒட்டிய கையால் மெலிஸின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அழுகை ஓய்ந்ததும் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அது அப்படியே எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. வீடு போனவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"நானும் ஒழுங்கில்லை," என்றாள் புருல்சா. "நிகழ்தகவுன்னு எழுதிட்டு என் வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். 'கீழ்த்தெருக்காரங்க உடனே மேட்டுக்குப் போங்க'ன்னு எழுத எனக்குக் கை வரலை."

மெலிஸ் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். "இப்போ என்னத்தைடா அனுப்புறே?" என்று கேட்டார் ஓமுர்சாக்.

மெலிஸ் நீட்டினான். போன மாத வீடியோ பொய், போட்டது நான், மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் யார் பார்த்தது, எங்கே, எப்போது என்று தெரியாத எதுவும் இந்தக் குழுவில் வராது என்று எழுதியிருந்தது.

ஓமுர்சாக் இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அனுப்பு. இன்னொண்ணும் சேர்த்து எழுது. பனி உருகுறது நிஜம், ஏரி பெருகுறது நிஜம், இதோ என் வீட்டைக் கொண்டுபோனதும் நிஜம். அதை ஊதிப் பெருசாக்கிச் சொன்னாலும், அப்படி ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாலும், ரெண்டும் ஆளைக் கொல்லும்னு எழுது. பார்த்ததைப் பார்த்தபடி, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இன்னிக்கு மாதிரி எல்லாரும் உயிரோட உட்கார்ந்திருக்கலாம்."